மேலோடை, கீழ்மடை: வாசகர் கேள்விகளுக்கு ஓடைக்காரர் பதில்கள்

(பாசனப் பிரிவில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ‘ஓடைக்காரர்’. இப்போது பழனிமலையின் கீழ்மலையில், பெரும்பாறைப் பக்கம் காபியும் மிளகும் சௌசௌவும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆற்றுப்படுகை அளவில் குடிநீர்த் திட்டம் போடுவது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை அவரிடம் கொடுத்தோம்.)

கேள்வி: எங்கள் ஆற்றுப்படுகைக்குக் குடிநீர்த் திட்டம் போடுகிறோம், எல்லாத் தரப்பும் வர வேண்டும் என்று மலைக்குக் கீழே ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். திரையில் படம் காட்டினார்கள், டீ கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். எங்கள் ஊர் ஓடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா சார்?
– மகளிர் குழுத் தலைவி ஒருவர், தாண்டிக்குடிப் பக்கம்

பதில்: அவசியம் போங்கம்மா. கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். டீயை அப்புறம் குடிக்கலாம்.

முதலில், இது எந்த ஆற்றுக்கான திட்டம், எங்கள் ஓடை அதில் எந்த இடத்தில் சேருகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நம் மலைக்கு இது ரொம்ப முக்கியம். பார்க்க ஒரே மலை, தண்ணீர் மட்டும் இரண்டு குடும்பத்துக்குப் போகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கத்து ஓடைகள் மருதாநதி வழியாக வைகைக்கு. பாச்சலூர்ப் பக்கத்துத் தண்ணீர் பரப்பலாறு அணைக்கு, அங்கிருந்து நங்காஞ்சியாறாக அமராவதிக்கு. ஆடலூர், பன்றிமலையில் பெய்வது குடகனாறு வழியாக அதே அமராவதிக்கு. பழனிப் பக்கம் இறங்குகிற பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி எல்லாம் சண்முகாநதியில் கூடி அமராவதிக்கு. அமராவதி போய்ச் சேருவது காவிரியில். ஒரே ஊராட்சியில் இந்தச் சரிவு வைகைக்காரர், அந்தச் சரிவு காவிரிக்காரர் என்று இருக்கிற இடங்கள்கூட உண்டு. மாவட்ட எல்லையையும் ஒன்றிய எல்லையையும் வைத்துப் போட்ட திட்டத்தில் இது தெரியாது.

இரண்டாவது, எந்த மாதத்துக் கணக்கு என்று கேளுங்கள். ஆண்டு சராசரி மழை இத்தனை மில்லிமீட்டர், படுகைப் பரப்பு இத்தனை சதுர கிலோமீட்டர், ஆகவே தண்ணீர் போதும் என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும். கீழ்மலைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அதில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே பாறையைத் தாண்டி ஓடிவிடும். அப்புறம் சித்திரையில் கோடை மழை விழும்வரை ஊற்றை நம்பித்தான் பிழைப்பு. ஆகவே பங்குனியில் உங்கள் ஓடையில் நொடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பதுதான் வேண்டிய எண். அது அவர்களிடம் இருக்காது. உங்களிடம் இருந்தால் அந்த மேசையில் உங்கள் நாற்காலிக்கு மதிப்பு வந்துவிடும். எப்படி அளப்பது என்று கீழே ஒரு மாணவருக்குச் சொல்லியிருக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். தண்ணீர் குறைந்தால் யாருக்கு முதலில் குறையும்? இதற்குத் திட்டத்தில் ஒரு பக்கம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. வழக்கமாக இப்படித்தான் கணக்குப் போடுவார்கள்: கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் 135 லிட்டர், அதை 30 ஆண்டு கழித்து இருக்கப்போகிற மக்கள்தொகையால் பெருக்கு, அதற்கேற்ற குழாய், அதற்கேற்ற மோட்டார். இனிமேல் பிறக்கப்போகிற சமவெளிப் பிள்ளைக்கு அந்தத் தாளில் தண்ணீர் ஒதுக்கியாகிவிட்டது. இன்றைக்கு மேலே ஊற்றில் குடம் வைக்கிற பளியர் பழங்குடிக் குடியிருப்புக்கு ஒரு வரி கிடையாது. நான் இந்தக் கணக்கையே தொழிலாகப் பார்த்தவன். கணக்கில் தப்பில்லை, ஆனால் அதில் வரவேண்டியவர்கள் வரவில்லை.

‘எல்லாத் தரப்பும்’ என்று சொல்லிக் கூப்பிடுகிற கூட்டங்களில் வழக்கமாக அதிகாரிகளும் ஆயக்கட்டுச் சங்கத் தலைவர்களும் வருவார்கள், பெரிய தோட்டக்காரர் ஒருவர் வருவார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் ஆபரேட்டரைக் கூப்பிட மாட்டார்கள். அணையில் ஷட்டர் திறக்கிற லஸ்கரைக் கூப்பிட மாட்டார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு லஸ்கர் இருந்தார். அலுவலகப் பதிவேட்டில் அளவெல்லாம் அழகாக, வரிசையாக இருக்கும். அவரோ மதகுச் சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்திருப்பார். தகராறு வந்தால் எல்லோரும் போய்ப் பார்த்தது அந்தச் சுவரைத்தான். அப்படிப்பட்ட ஆள் உங்கள் ஊரிலும் இருப்பார். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. 2022இலிருந்து நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, ஓடை இளைக்கிற சமயம். நவம்பர் 1 தண்ணீர் பெருகி எல்லோரும் சமாதானமாக இருக்கிற சமயம். பங்கீட்டுத் தீர்மானத்தை நவம்பரில் போடுங்கள், மார்ச்சில் அதை எடுத்து வாசித்துப் பாருங்கள். சண்டை நடக்கிற மாதத்தில் சட்டம் எழுதக் கூடாது. ஜல் ஜீவன் திட்டத்தின் கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர்க் குழுவில் அந்தப் பாதிப்பேர் யார் யார் என்று ஊராட்சியில் பட்டியல் கேளுங்கள். உங்கள் பெயரே அதில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேள்வி: மலையில் ஆளாளுக்கு ஓடையில் ஓஸ் போட்டு உறிஞ்சிவிடுகிறீர்கள். கீழே அழகாபுரியில் குடகனாறு அணை காய்ந்து கிடக்கிறது. நீங்களும் மலைக்காரர், அவர்கள் பக்கம்தானே பேசுவீர்கள்?
– விவசாயி, வேடசந்தூர்

பதில்: என் தோட்டத்துக்கும் ஒரு ஓஸ் இருக்கிறது அண்ணே, மறைக்கவில்லை. வாருங்கள், கணக்கே போட்டுவிடலாம்.

நல்ல இறக்கத்தில் கிடக்கிற ஓரங்குல ஓஸ் நொடிக்கு அரை லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு பகலாக ஓடினால் நாளைக்கு 43,200 லிட்டர். ஓர் ஓடையில் 50 ஓஸ் கிடக்கிறது என்றால் நாளைக்கு 21.6 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நொடிக்கு 25 லிட்டர்தான் வருகிறது, ஒரு கன அடிகூட முழுதாக இல்லை. ஒரு கன அடி 28.3 லிட்டர். கார்த்திகையில் வெள்ளம் இறங்கும்போது ஆற்றில் நூற்றுக்கணக்கான கன அடி போகும். உங்கள் அணை நிரம்புவது அந்தத் தண்ணீரில்தான். அந்த நேரத்தில் எங்கள் ஓஸ் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அணை நிரம்பாததற்கு மழையைப் பாருங்கள், நடுவழியில் பிரிகிற வாய்க்கால்களைப் பாருங்கள். குடகனாற்றுக்கும் ராஜவாய்க்காலுக்கும் உள்ள பங்குத் தகராறு திண்டுக்கல் மாவட்டத்தில் யாருக்கும் புதிதில்லை. நடுவில் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் வேறு கொடுக்க வேண்டும்.

இப்போது இதே கணக்கைப் பங்குனியில் போடுங்கள். அப்போது ஓடையில் மொத்தமே நொடிக்கு 25 லிட்டர் வந்தால் பெரிது. அதே 50 ஓஸ் ஓடையை அங்கேயே முடித்துவிடும். அடிவாரத்தில் அந்தக் கசிவை நம்பிக் கிணறு வைத்திருக்கிறவர் வயிறு எரிவதில் நியாயம் இருக்கிறது.

ஆக நீங்கள் சொல்வதும் சரி, மலைக்காரர் ‘எங்களால் அணை வற்றவில்லை’ என்பதும் சரி. இருவரும் பேசுவது வேறு வேறு மாதத்தை. இதைப் பிரித்துப் பேசாத கூட்டம் விடியவிடிய நடந்தாலும் முடியாது. நீங்கள் மலைக்காரர்களிடம் கேட்க வேண்டியது மாசியிலிருந்து வைகாசி வரைக்கான கட்டுப்பாடு. மழைக்காலத் தண்ணீருக்கு வாய்க்கால்காரர்களிடம் பேசுங்கள்.

கேள்வி: தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர், எங்கள் தோட்டத்தில் 800 அடிக்குப் போர் போடச் சொல்கிறார். நம்பலாமா?
– பட்டிவீரன்பட்டி வாசகர்

பதில்: தேங்காயை வாங்கிச் சட்னிக்கு வையுங்கள். நம் மலையும் அடிவாரமும் கெட்டிப் பாறை. வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி. 800 அடி போடுகிற காசில் கிணற்றைத் தூர்வாரி, கூரைத் தண்ணீரையும் அதில் திருப்பிவிடலாம்.

கேள்வி: ஓடையில் ஓடுகிற தண்ணீரைச் செலவில்லாமல் அளப்பது எப்படி? கல்லூரிப் புராஜெக்டுக்கு வேண்டும்.
– மாணவர், வத்தலக்குண்டு

பதில்: புராஜெக்டோடு நிறுத்திவிடாதே தம்பி, ஊருக்கும் உதவும்.

சின்ன ஊற்று என்றால் வாளி போதும். தண்ணீர் முழுவதையும் ஒரு பி.வி.சி. குழாய் வழியாகக் கொண்டுவந்து 20 லிட்டர் வாளியில் விடு, மண்ணையும் இலையையும் வைத்து ஓரக்கசிவை அடைத்துவிடு. செல்போனில் நேரம் பார். 10 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 2 லிட்டர். நாளொன்றுக்கு 1,72,800 லிட்டர். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் 3,100 பேருக்கு மேல் குடிக்கலாம். நொடிக்கு 2 லிட்டர் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூவாயிரம் பேர் தண்ணீர் என்று சொல்லிப் பார், தலைவரிலிருந்து எல்லோரும் வந்து நிற்பார்கள்.

வாளிக்கு அடங்காத ஓடை என்றால் ‘வி’ வடிவ வெட்டுப் பலகை. ஓடைக்குக் குறுக்கே ஒரு தகரத்தையோ பலகையையோ நிறுத்தி, நடுவில் 90 பாகை ‘வி’ வெட்டி, தண்ணீர் அது வழியாக மட்டும் விழும்படி செய்ய வேண்டும். பலகைக்குக் கொஞ்சம் பின்னால், தண்ணீர் அசையாமல் நிற்கிற இடத்தில் அடிக்கோல் நட்டு, ‘வி’யின் அடிமுனையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் நிற்கிறது என்று பார். 5 செ.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 0.8 லிட்டர். 8 செ.மீ. என்றால் 2.5. 10 செ.மீ. என்றால் 4.4. 20 செ.மீ. என்றால் 25 லிட்டர் பக்கம். உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடுகிறது, கவனி. இதே காரணத்தால் மட்டம் கொஞ்சம் இறங்கினாலே தண்ணீர் பாதியாகிவிடும். ‘நேற்றுக்கு இன்று ரெண்டு விரல்தானே குறைஞ்சிருக்கு’ என்று ஊரில் சொல்வார்கள். அந்த ரெண்டு விரலில் ஒரு தெருவின் குடிநீர் போயிருக்கும்.

காலையில் ஒரே நேரத்தில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால் அள. எண்ணை நோட்டில் மட்டும் எழுதாதே, டீக்கடைச் சுவரில் பலகை வைத்து எழுது. ரகசியமாக இருக்கிற அளவை யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: கொடைக்கானலில் 20 அறை லாட்ஜ் நடத்துகிறேன். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்தே வாங்குகிறேன். படுகைத் திட்டக் கூட்டம், அது இது என்று என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?
– லாட்ஜ் உரிமையாளர்

பதில்: உங்கள் லாரி எந்தக் கிணற்றில், எந்த ஓடையில் நிரம்புகிறது என்று டிரைவரிடம் கேட்டதுண்டா? அங்கே போய் நில்லுங்கள், சம்பந்தம் தெரியும். நீங்கள் காசு கொடுத்தது லாரிக்காரருக்கு. அந்தக் கிணற்றுக்குக் கீழே இருக்கிற ஊர் உங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை.

நகரத்துக்கு இருக்கிற முக்கிய ஆதாரம் அப்சர்வேட்டரி நீர்த்தேக்கமும் மனோரஞ்சிதம் அணையும். இரண்டும் ஊருக்காகக் கட்டியவை, சீசனுக்காக அல்ல. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். அந்த 6,000 வண்டியில் வண்டிக்கு நாலு பேர் என்று வைத்துப் பாருங்கள், 24,000 பேர். பாதிப்பேர் தங்கினாலும் ஆளுக்கு 135 லிட்டர் கணக்கில் ஓர் இரவுக்கு 16 லட்சம் லிட்டர் வேண்டும். அதுவும் ஓடைகள் அடங்கிக் கிடக்கிற சித்திரையில். இவ்வளவு எடுப்பவர் கூட்டத்துக்கு வராமல் வேறு யார் வருவது?

சண்டைக்காக மட்டும் கூப்பிடவில்லை. உங்களுக்கு லாபமான ஒரு வேலையும் இருக்கிறது. 3,000 சதுர அடிக் கூரை என்றால் சுமார் 279 சதுர மீட்டர். கொடைக்கானலில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், வீணாவது போக மூன்றரை லட்சம் லிட்டர் பிடிக்கலாம். அறைக்கு இருவர் என்று 40 பேர் தங்கினால் நாளைக்கு 5,400 லிட்டர், ஆக 65 நாள் தண்ணீர் உங்கள் தலைக்கு மேலேயே விழுகிறது. தொட்டி கட்டத்தான் இடமும் பணமும் வேண்டும். முழுத்தொட்டி கட்ட முடியாவிட்டாலும் ஒரு லட்சம் லிட்டருக்குக் கட்டுங்கள். மழை விட்டு விட்டுப் பெய்கிற ஊர், பல முறை நிரம்பும். கூட்டத்துக்குப் போகும்போது ‘இத்தனை லிட்டர் நானே சேமிக்கிறேன், சீசனில் இத்தனை லாரி குறைக்கிறேன்’ என்று சொன்னால் உங்கள் பேச்சு எடுபடும்.

கேள்வி: தண்ணீர் பெருக மலை முழுக்க மரம் நடச் சொல்லி எங்கள் ஊரில் இயக்கம் நடக்கிறது. எந்த மரம் நல்லது?
– கோத்தகிரி வாசகி

பதில்: எந்த மரம் என்பதற்கு முன்னால் எந்த இடம் என்று பாருங்கள். உங்கள் நீலகிரியிலேயே கிளென்மார்கனில் மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்பை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாக விட்டு, இன்னொன்றில் தைலமரம் நட்டுப் பல ஆண்டு அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டி, மறுதளிர் வளர்ந்த அடுத்த சுற்றில் குறைவு 25 சதவீதம். கோடையில் ஓடுகிற தண்ணீர் இன்னும் அதிகமாக அடிபட்டது. மேட்டில் புல், மடிப்பில் சோலை, நடுவே சதுப்பு என்று இயற்கை வைத்திருந்த இடம் அது. புல்வெளி வெறும் நிலம் என்று நினைத்துத் தைலமும் சீகையும் பைனும் நட்டதால் வந்த வினை இரண்டு மலைக்கும் பொது.

அதற்காக நாளைக்கே எல்லாவற்றையும் வெட்டித் தள்ளச் சொல்லவில்லை. செங்குத்துச் சரிவில் ஒரேயடியாக வெட்டினால் மண்ணும் சேர்ந்து வரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, புல்லும் சோலை நாற்றும் வர விட வேண்டும். உங்கள் இயக்கத்தாரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: சதுப்பில் மண் கொட்டி மரம் நடாதீர்கள். கோடையில் உங்கள் குழாய்க்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

கேள்வி: மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிறோம். படுகைத் திட்டம் என்று வந்தால் எங்கள் ஓடையைக் கீழே இருக்கிறவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிடுவார்களோ? சட்டப்படி இதை யார் முடிவு செய்ய வேண்டும்?
– மன்னவனூர் விவசாயி

பதில்: பயம் நியாயமானது. நம் மலையில் முன்னுதாரணமும் உண்டு. பேரிஜம் ஏரி மேலே கிடக்கிறது, குடிக்கிறது பெரியகுளம். அதை நான் குறை சொல்லவில்லை. கீழே உள்ளவரும் குடித்துத்தானே ஆக வேண்டும்? மேலிருப்பவரிடம் கேட்டு முடிவு செய்கிற வழக்கம் இல்லை என்பதுதான் குறை.

சட்டம் என்று பார்த்தால், மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளுக்கு ஆற்று வாரியம் அமைக்க 1956லேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி இதுவரை ஒரு வாரியமும் அமையவில்லை. காவிரிக்கு நடுவர் மன்றம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் தாண்டி 2018இல் மேலாண்மை ஆணையம் வந்தது. உங்கள் ஓடை அமராவதி வழியாகக் காவிரிதான். ஆனால் அந்த ஆணையம் பேசுவது மாநிலத்துக்கு இத்தனை டி.எம்.சி. என்று. ஒரு டி.எம்.சி. என்பது 2,831 கோடி லிட்டர். அந்த அளவுகோலில் மன்னவனூர் ஓடை கண்ணுக்கே தெரியாது. தேசிய நீர்க்கொள்கையும் ஆற்றுப்படுகையை ஓர் அலகாக வைத்துத் திட்டமிடச் சொல்கிறது. கொள்கை சொல்கிறது, ஓடைக்கரையில் அதைச் செய்ய ஆளில்லை.

ஆளில்லாத இடத்தில் எழுதி வைத்த முறைதான் காப்பாற்றும். கீழ்பவானியைப் பாருங்கள். பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது. ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர், அத்தனைக்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கிடையாது என்று ஆரம்பத்திலேயே தெரியும். பாதி நிலத்துக்கு முதல் போகம் நெல், மறுபாதிக்கு அடுத்த போகம் புஞ்சைப் பயிர், மறு ஆண்டு இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். தகராறு இல்லாமல் இல்லை. பழைய ஆயக்கட்டான கொடிவேரி, காளிங்கராயன் பாசனக்காரர்களுக்கும் இவர்களுக்கும் அடிக்கடி உரசல் உண்டு. ஆனாலும் ‘இந்த வருஷம் உனக்கு இது’ என்று சொல்ல ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளிலும் ஒரு குறை உண்டு: பவானிக்குத் தண்ணீர் தருகிற நீலகிரி ஊர்களின் பெயர் அதில் வராது.

நீங்கள் செய்ய வேண்டியது, உங்கள் ஓடையில் இன்று யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று நீங்களே பட்டியல் எழுதி, கிராம சபையில் பதிவு செய்வது. பதிவில் இல்லாத உபயோகத்தைத் திட்டக்காரர் ‘உபரி’ என்று எழுதிவிடுவார்.

கேள்வி: எங்கள் பளியர் குடியிருப்புக்குக் காட்டு வழியாக அரை கிலோமீட்டர் குழாய் போட வேண்டும். அனுமதி கிடைக்குமா?
– ஆசிரியர் ஒருவர், கீழ்மலை

பதில்: வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). குடிநீர், குடிநீர்க் குழாய், சிறுபாசன வாய்க்கால் உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு, ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அரை கிலோமீட்டர் குழாய்க்கு ஒரு மீட்டர் அகலம் எடுத்தால் ஹெக்டேரில் இருபதில் ஒரு பங்குதான். ஓரமாகப் பதித்தால் ஒரு மரமும் வெட்ட வேண்டியதில்லை. தீர்மான நகல், கைவரைபடம், குழாயின் நீளம் அகலம் மூன்றையும் சேர்த்து விண்ணப்பம் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பத்தின் நிலை என்ன என்று கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: குறையும்போது யாருக்கு முதலில் வெட்டு என்று எழுதி வைக்கச் சொல்லி முன்பு ஓர் இதழில் சொன்னீர்கள். மாதிரி ஒன்று தர முடியுமா? எங்கள் ஓடையில் மேலூர், கீழூர், ஓர் எஸ்டேட், இரண்டு தண்ணீர் லாரி இருக்கின்றன.
– விவசாயி, கே.சி.பட்டிப் பக்கம்

பதில்: தருகிறேன். எண்களை உங்கள் ஓடைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ‘வி’ பலகை கீழூர்த் தொட்டிக்கு எடுக்கிற இடத்தில் இருப்பதாக வைத்து எழுதுகிறேன்.

பலகையில் 10 செ.மீ.க்கு மேல் நிற்கும்வரை யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. 10க்குக் கீழே இறங்கிய அன்றே லாரி நிரப்புவது நிற்கும். எஸ்டேட் ஸ்பிரிங்க்ளர் இரவில் மட்டும், மேலூர்க்காரர்கள் பகலில் மட்டும். 8 செ.மீ.க்குக் கீழே போனால் பாசனத்துக்கு முறை வைக்க வேண்டும்: ஒரு நாள் மேலூர், ஒரு நாள் கீழூர், ஒரு நாள் எஸ்டேட். சௌசௌப் பந்தலுக்கு மூன்று நாளுக்கு ஒரு தடவை கட்டாது என்று மேலூரில் சொல்வார்கள். எனக்கும் பந்தல் இருக்கிறது. மூடாக்கும் சொட்டுநீரும் போட்டால் தாக்குப்பிடிக்கும், காய் கொஞ்சம் சிறுக்கும். காபிக்குப் பூ மழை தவறி, பூவுக்கு ஒரு தண்ணீர் விட வேண்டிய வாரம் வந்தால், எஸ்டேட் தன் முறையைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் எஸ்டேட்காரர் கையெழுத்துப் போட மாட்டார். 5 செ.மீ.க்குக் கீழே வந்தால் மனிதருக்கும் மாட்டுக்கும் மட்டும்தான் தண்ணீர், எல்லா ஓஸும் கரையேற வேண்டும். அந்த அளவிலும் ஆளுக்கு 55 லிட்டர் கணக்கில் ஆயிரம் பேருக்கு மேல் வருகிறது. இரண்டு ஊருக்கும் சேர்த்து அதற்கு மேல் ஆள் இருந்தால் இந்த எண்ணை 6 என்று வையுங்கள்.

அபராதம் எவ்வளவு என்று கேட்பார்கள். பணமாக வைக்காதீர்கள். பணமுள்ளவர் கட்டிவிட்டு எடுப்பார். முறை மீறியவருக்கு அடுத்த இரண்டு முறை கிடையாது என்று வையுங்கள். அளவெடுக்க மேலூரில் ஓர் ஆள், கீழூரில் ஓர் ஆள், இருவரும் சேர்ந்து போய்த்தான் பார்க்க வேண்டும். கூலி எஸ்டேட்டும் லாரிக்காரர்களும் தரட்டும். தினமும் அளவெடுக்கக் காசில்லை என்று இரண்டாம் வருடமே இந்த ஏற்பாடெல்லாம் படுத்துவிடும், ஆகவே கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.

எழுதியதைக் கிராம சபையில் தீர்மானமாக ஏற்றுங்கள். நகல் ஒன்றைப் படுகைத் திட்டம் போடுகிறவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்னொன்றை பம்ப் ஆபரேட்டர் அறையில், மோட்டார் ஸ்விட்சுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டு மாட்டுங்கள். வெறும் தாளாக ஒட்டினால் ஒரு மழைக்காலம் தாங்காது, நம் மலை ஈரம் அப்படி.